1949இல் ஒரு சொல், ஒரு பதிவு, ஒரு கேள்வி: ஆட்டிசத்தைத் தலைவர்கள் கையிலெடுத்திருந்தால்?

தேசத் தலைவர்கள் மாற்றுத்திறனாளிகளின் பக்கம் நின்றிருந்தால் வரலாறு எப்படிப் போயிருக்கும் என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே கதைதான் வரும். தலைவர் வீட்டில் அப்படி ஒரு குழந்தை பிறக்கிறது, அவர் மனம் இளகுகிறது, அவையில் எழுந்து பேசுகிறார், நாடு திருந்துகிறது. இந்த ஆய்வில் அந்தக் கதைக்கு இடமில்லை. தலைவர்கள் வீட்டில் அப்படிக் குழந்தைகள் உண்மையாகவே பிறந்திருக்கிறார்கள், தலைவர்களே சக்கர நாற்காலியில் இருந்திருக்கிறார்கள். அப்போதும் ஆட்டிசம் (பேச்சிலும் பிறரோடு பழகுவதிலும் வேறுபடும் வளர்ச்சிக் குறைபாடு) உள்ள குழந்தைக்குப் பள்ளிக் கதவு திறக்கவில்லை. ஏன் என்பதைப் பார்த்துவிட்டுத்தான் கற்பனைக்குள் போக முடியும்.

எடுத்துக்கொண்ட களம் இந்தியா, 1946 டிசம்பரில் அரசமைப்பு அவை கூடியது முதல் 1951 பிப்ரவரியில் சுதந்திர இந்தியாவின் முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடந்தது வரை. விதி ஒன்றுதான்: அன்றைக்கு டெல்லியில் இருந்தவர்களுக்குத் தெரிந்திருக்கக்கூடியதை வைத்து மட்டுமே வரலாற்றை மாற்ற வேண்டும். அமெரிக்க மனநல மருத்துவர் கான்னர், ஆட்டிசம் உள்ள 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரை 1943இல் வந்தது. ஆஸ்திரிய மருத்துவர் அஸ்பெர்கர் 1944இல் எழுதினார். அவர்களுக்கு முன்பே, 1925இல், சோவியத் மருத்துவர் சுகரேவா எழுதியிருந்தார். அதை மேற்குலகமே கவனிக்கவில்லை. ஆகவே 1949இல் நேருவோ அம்பேத்கரோ 'ஆட்டிசம்' என்ற சொல்லை அவையில் உச்சரிப்பதாக எழுதினால் அது மாற்று வரலாறு ஆகாது, மாயாஜாலம் ஆகிவிடும். பெயரே தெரியாத ஒன்றை ஆதரிக்க முடியுமா என்பதுதான் இங்கே உள்ள உண்மையான சிக்கல்.

உண்மையில் நடந்தது

அரசமைப்புச் சட்டத்தில் குறைபாடு உள்ளவர்கள் வரும் முக்கிய இடங்கள் நான்கு. பிரிவு 41, வேலையின்மை, முதுமை, நோய் இவற்றோடு உடல் இயலாமையிலும் அரசு உதவ வேண்டும் என்கிறது. ஆனால் அது வழிகாட்டு நெறி, 'பொருளாதார வசதிக்கு உட்பட்டு' என்ற வாலோடு வருவது, நீதிமன்றத்தில் கேட்டுப் பெற முடியாதது. எந்த விஷயத்தில் மத்திய அரசு, எதில் மாநிலம், எதில் இரண்டும் சட்டம் இயற்றலாம் என்று பிரிக்கும் ஏழாம் அட்டவணையின் மாநிலப் பட்டியலில் 9ஆம் பதிவு, 'இயலாதோர், வேலை செய்ய முடியாதோர் நிவாரணம்'. பொதுப் பட்டியலில் 16ஆம் பதிவு, பைத்தியமும் மனவளர்ச்சிக் குறையும், அவர்களை வைத்திருக்கும் இடங்களும். நான்காவது பிரிவு 326: மனநலமின்மையைக் காரணம் காட்டி வாக்குரிமையைப் பறிக்கலாம். பாகுபாட்டைத் தடுக்கும் பிரிவு 15(1)இல் மதம், இனம், சாதி, பால், பிறந்த இடம் ஆகியவை இருக்கின்றன. குறைபாடு இல்லை.

இவை எல்லாவற்றிலும் அதிகம் கெடுத்தது எது என்று கேட்டால் பலரும் பிரிவு 15ஐச் சொல்வார்கள். எங்கள் கணிப்பில் அது மாநிலப் பட்டியலின் 9ஆம் பதிவுதான். அதில் இருக்கும் சொல் 'நிவாரணம்'. வெள்ளத்துக்கும் பஞ்சத்துக்கும் கொடுப்பது நிவாரணம். கல்வியும் வேலையும் அதற்குள் வராது. கூடவே, விஷயம் மாநிலப் பட்டியலில் இருந்ததால் நாடு முழுமைக்குமான சட்டத்தை நாடாளுமன்றம் நேராக இயற்ற முடியவில்லை. மாற்றுத்திறனாளிகளுக்கான 1995 சட்டம் வந்த வழியைப் பாருங்கள்: 1992 டிசம்பரில் பெய்ஜிங்கில் ஆசிய-பசிபிக் நாடுகள் ஒரு பிரகடனத்தை ஏற்றன; சர்வதேச உடன்பாட்டை நிறைவேற்ற எந்தப் பட்டியலில் உள்ள விஷயத்திலும் சட்டம் இயற்றலாம் என்ற பிரிவு 253ஐப் பிடித்துக்கொண்டு, அந்தப் பிரகடனத்தை முகவுரையில் காட்டித்தான் சட்டம் வந்தது. 2016 சட்டமும் அதே வழியில் ஐ.நா. உடன்படிக்கையைக் காட்டி வந்தது. சொந்த நாட்டுக் குடிமக்களுக்குச் சட்டம் போட வெளியூர்க் கையெழுத்து ஒன்று தேவைப்பட்டிருக்கிறது.

1977இல் மத்திய அரசின் கீழ்நிலைப் பணிகளில் 3 சதவீத ஒதுக்கீடு வந்தபோது அது பார்வை, செவி, கை கால் என்ற மூன்று வகைக்கு மட்டும். 1995 சட்டம் ஏழு வகையைப் பட்டியலிட்டது. ஆட்டிசம் அதில் இல்லை. 1999இல் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் முதன்முதலாகப் பெயர் வந்தது, அதுவும் முக்கியமாகப் பாதுகாவலர் நியமனத்துக்கும் பராமரிப்புக்கும். வேலை ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தது 2016 சட்டத்தில், 21 வகைகளுள் ஒன்றாக. 1945இல் பிறந்த ஒருவருக்கு அப்போது வயது 71.

தலைவர் கையிலெடுத்தால் என்ன ஆகும்: மூன்று ஒப்பீடுகள்

பின்னாளில் அமெரிக்க அதிபரான ரூஸ்வெல்ட்டுக்கு 1921இல், 39ஆம் வயதில், போலியோ. 1938இல் அவர் தொடங்கிய அறக்கட்டளை திரட்டிய பணம்தான் 1955இல் சால்க் தடுப்பு மருந்தாக வந்து சேர்ந்தது. இது பெரிய சாதனை, சந்தேகமில்லை. ஆனால் அவர் எதைக் கையிலெடுத்தார் என்று பார்க்க வேண்டும்: நோயை ஒழிப்பதை. நோய் வந்து வாழ்பவரின் அன்றாடம் அடுத்த வரிசையில்தான் இருந்தது. அவர் கையெழுத்திட்ட 1935 சமூகப் பாதுகாப்புச் சட்டத்தில் பார்வையற்றோருக்கு உதவித்தொகையும் கை கால் ஊனமுற்ற குழந்தைகளுக்கான சேவையும் இருந்தன. உழைக்க முடியாமல் போனவர்களுக்கான காப்பீடு 1956 வரை வரவில்லை. தன் சக்கர நாற்காலியைப் புகைப்படங்களில் காட்டாமல் பார்த்துக்கொண்ட தலைவரின் சட்டத்தில், கண்ணுக்குத் தெரியும் குறைபாடு முதலில் ஏறியது.

பிரெஞ்சுத் தலைவர் டி காலின் மகள் ஆன் 1928இல் டவுன் சிண்ட்ரோமுடன் பிறந்தார், 1948இல் 20 வயதில் இறந்தார். பெற்றோர் அவரை விடுதியில் தள்ளாமல் வீட்டிலேயே வளர்த்தார்கள். 1945இல் அவர் பெயரில் ஒரு அறக்கட்டளையும் தொடங்கினார்கள். அந்தக் காலத்துக்கு அது அரிய நடத்தை. ஆனாலும் டி காலின் பத்தாண்டுக் குடியரசுத் தலைவர் பதவி முடிந்து, அவரும் மறைந்தபின், 1975இல்தான் பிரான்சில் மாற்றுத்திறனாளிகளுக்கான முழுமையான சட்டம் வந்தது. ஆட்டிசத்தைத் தனிக் குறைபாடாக ஏற்ற சட்டம் 1996இல். தகப்பனின் பாசம் வேறு, அரசாங்கக் கோப்பு வேறு.

மூன்றாவதுதான் நமக்கு மிக நெருக்கம். கென்னடியின் தங்கை ரோஸ்மேரிக்கு 1941இல், 23 வயதில், மூளையில் லோபோடமி அறுவை செய்தார்கள்; அதன்பின் அவரால் சரியாக நடக்கவோ பேசவோ இயலவில்லை. அண்ணன் அதிபரானதும் 1961இல் அறிவுசார் குறைபாட்டுக்கென வல்லுநர் குழு அமைத்தார். இன்னொரு சகோதரி யூனிஸ், ரோஸ்மேரியைப் பற்றி 1962இல் பத்திரிகையில் வெளிப்படையாக எழுதினார். 1963 அக்டோபர் 31 அன்று கென்னடி கையெழுத்திட்ட சட்டம் இரண்டு கிளைகளாக இருந்தது: ஒன்று அறிவுசார் குறைபாட்டுக்கான ஆய்வு மையங்களும் கட்டடங்களும், மற்றது சமூக மனநல மையங்கள். தலைவரின் ஈடுபாடு, குடும்பத்தின் சாட்சி, பணம், சட்டம் எல்லாமே சேர்ந்து வந்த அபூர்வமான தருணம். அதிலும் ஆட்டிசம் இரண்டு கிளைக்கும் நடுவே விழுந்தது. அன்றைய அமெரிக்க மனநலக் கையேட்டில் அது குழந்தைப் பருவ ஸ்கிசோஃப்ரினியாவாக (மனச்சிதைவாக) கிடந்தது. தாய்ப்பாசம் போதாததால் வருவது என்ற கோட்பாடு கோலோச்சியது. வளர்ச்சிக் குறைபாட்டுச் சட்டத்தில் பெயர் ஏற 1975 ஆயிற்று, பள்ளிக் கல்விச் சட்டத்தில் தனி வகையாக 1990 ஆயிற்று. இன்னொரு கோளாறும் உண்டு. 1963 சட்டம் கட்டடத்துக்குத்தான் பணம் கொடுத்தது. மனநல மையங்களின் ஊழியர் சம்பளத்துக்கான பகுதி சட்டமாகும் முன்பே வெட்டப்பட்டு, 1965 திருத்தத்தில்தான் வந்தது. திட்டமிட்ட மையங்களில் பாதியளவே உருவாயின. பழைய மருத்துவமனைகளோ வேகமாகக் காலியாயின.

மூன்றிலும் ஒரே ஒழுங்கு தெரிகிறது. தலைவர் தன் கண்ணில் பட்ட குறைபாட்டுக்குச் செய்கிறார். சட்டம் நோய்ப் பெயர்களின் பட்டியலாக எழுதப்பட்டால், அன்றைக்குப் பெயர் இல்லாதது அரை நூற்றாண்டு வெளியே நிற்கும்.

மாற்றும் இடங்கள்

அதனால் இந்தியத் தலைவர்கள் ஆட்டிசத்தை ஆதரித்ததாக நாம் கற்பனை செய்யவில்லை. பெயரைச் சாராத மூன்று திருத்தங்களைச் செய்ததாகக் கொள்கிறோம். தூண்டுதலுக்கு வெகுதூரம் போக வேண்டாம். இரண்டாம் உலகப் போரில் கண்ணிழந்த வீரர்களுக்காக 1943இல் டேராடூனில் விடுதி தொடங்கப்பட்டிருந்தது. அரசு தனக்குப் பொறுப்பு உண்டு என்று ஏற்றுக்கொண்ட முன்னுதாரணம் கையிலேயே இருந்தது. பிரிவினை அகதிகள் மறுவாழ்வு அன்றாடப் பேச்சு. அந்தச் சூழலில் அவையின் முன்னணித் தலைவர்கள் இருவர் மூவர் இதைத் தம் விஷயமாக எடுத்துக்கொள்வது நம்பத்தக்கதே.

முதல் திருத்தம், பிரிவு 15(1)இல் 'உடல் அல்லது மனக் குறைபாடு' என்ற சொற்கள். இதை மட்டும் செய்துவிட்டு நின்றால் ஆபத்து. 1951இல் சம்பகம் துரைராஜன் வழக்கில் சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி அரசாணை பிரிவு 29(2)இன்படி செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததும், அதைச் சரிக்கட்ட அதே ஆண்டு அரசமைப்பின் முதல் திருத்தத்தில், பிற்பட்டோருக்குச் சிறப்பு ஏற்பாட்டை அனுமதிக்கும் 15(4) வந்ததும் தமிழ் வாசகர்களுக்குத் தெரிந்த கதை. பாகுபாடு கூடாது என்று எழுதி, சிறப்பு ஏற்பாட்டுக்கு விலக்கு எழுதாமல் விட்டால், சிறப்புப் பள்ளியையும் ஒதுக்கீட்டையும் எதிர்த்து வழக்குப் போட வழி திறந்துவிடும். ஆகவே பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தனி ஏற்பாட்டை அனுமதிக்கும் 15(3)இலும் அதே சொற்கள் ஏற வேண்டும். ஒரு சொல்லை ஓரிடத்தில் சேர்ப்பது போதாது, இரண்டு இடம்.

இரண்டாவது, பொதுப் பட்டியலில் ஒரு புதுப் பதிவு: 'குறைபாடு உள்ளோரின் கல்வி, பயிற்சி, வேலை, பராமரிப்பு'. மாநில உரிமை பேசும் யாருக்கும் இது உறுத்தும். 1976இல் கல்வியைப் பொதுப் பட்டியலுக்குக் கொண்டுபோன காயம் இன்னும் ஆறவில்லை. ஆனால் இங்கே மாநிலத்தின் 9ஆம் பதிவு அப்படியே இருக்கிறது, மாநிலம் முந்திக்கொண்டு சட்டம் போடத் தடையில்லை; முரண்பட்டால்தான், மத்தியச் சட்டத்துக்கு முதலிடம் தரும் பிரிவு 254 குறுக்கே வரும். பதிவில் 'கல்வி' முதல் சொல்லாக இருப்பதற்குக் காரணம் உண்டு: கோப்பு கல்வி அமைச்சகத்துக்குப் போகும். சுகாதாரத்துக்குப் போனால், 1912 பைத்தியச் சட்டத்தின் நிழலில் மனநல மருத்துவமனை வார்டுதான் விளையும்.

மூன்றாவது, 1951 கணக்கெடுப்பில் கேள்விகள். கணக்கெடுப்பு ஒன்றியப் பட்டியலில் உள்ளது. இதற்கு அரசமைப்பில் கை வைக்கவே தேவையில்லை. மூன்றில் மலிவானது இது. ஆட்டிசத்தைப் பொறுத்தவரை மிக முக்கியமானதும் இதுவே.

கேள்வித்தாளில் ஒரு வரிசை

1931 வரை ஆங்கிலேயர் நடத்திய கணக்கெடுப்புகளில் பைத்தியம், பிறவிச் செவிட்டு-ஊமை, குருடு, குஷ்டம் என்று எண்ணினார்கள் (சொற்கள் அக்காலத்தவை). சுதந்திர இந்தியா 1951, 1961, 1971 மூன்றிலும் கேட்கவே இல்லை. 1981இல் கேட்டது, எப்படிக் கேட்டது என்பதில்தான் விஷயம். 'முழுக் குருடு, முழு ஊமை, முழு முடம்' என்ற அளவுகோலில் நாடு முழுவதும் கிடைத்தவர்கள் ஏறத்தாழ 11 லட்சம். அதே ஆண்டு தேசிய மாதிரி ஆய்வு வேறு வரையறையோடு கேட்டபோது மதிப்பீடு சுமார் 1.2 கோடி. ஒரே நாடு, ஒரே ஆண்டு, பத்து மடங்கு வித்தியாசம்.

நமது கற்பனைக் கேள்வித்தாளில் செவியும் பேச்சும் தனித்தனிக் கட்டங்கள். 'செவிட்டு-ஊமை' என்று ஒட்டிக் கேட்டால் காது கேட்காததால் பேசாதவர் மட்டுமே பதிவாவார். பிரித்துக் கேட்டால் அட்டவணையில் புதிய வரிசை ஒன்று முளைக்கும்: காது கேட்கிறது, பேச்சு இல்லை. இதற்கு அன்றைய மருத்துவத்தில் நேரடி விளக்கம் கிடையாது. ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, மூளை முடக்குவாதம் மூன்றும் கலந்து கிடக்கும் வரிசை அது. பெயர் தெரியாமலேயே ஒரு கூட்டம் அரசாங்கத்தின் கண்ணில் படும்.

இது சரியாக நடக்கச் சில நுணுக்கங்கள் வேண்டும். வயது வரம்பு 5. அதற்குக் கீழே பேச்சுத் தாமதமும் பேச்சின்மையும் பிரிபடாது. கேட்கும் திறனைச் சோதிக்க 'கூப்பிட்டால் திரும்புகிறானா' என்று கணக்கெடுப்பாளர் கேட்டால் ஆய்வே பாழ். ஆட்டிசம் உள்ள குழந்தைகளிடம் காணும் முக்கிய அடையாளங்களில் ஒன்றே, காது நன்றாகக் கேட்டும் பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாமல் இருப்பது. அவர்கள் நேராகச் செவிடர் கட்டத்தில் போய் விழுவார்கள். கேள்வி இப்படி இருக்க வேண்டும்: 'ஏதாவது சத்தத்துக்குத் திரும்புவதுண்டா, எந்தச் சத்தம்?' ஐந்தாறு முறை கத்திக் கூப்பிட்டும் அசையாத பிள்ளை, அடுத்த அறையில் தனக்குப் பிடித்த தின்பண்ட டப்பா திறக்கும் ஓசைக்கு ஓடி வரும். அம்மாக்கள் இதை உடனே சொல்வார்கள். எழுதக் கட்டம் இருந்தால்.

மூன்றாவது கேள்வி உதவி பற்றியது: 'இதே வயதுப் பிள்ளைகள் தாமாகச் செய்வதில் எதற்கு மற்றவர் துணை தேவை?' பெயர் தெரிந்த குறைபாட்டை மட்டும் கேட்டால் மறைக்க நினைக்கும் வீட்டார் 'இல்லை' என்பார்கள். துணை தேவையா என்று கேட்டால் பதில் வரும். குறைபாட்டுப் புள்ளிவிவரத்துக்காக ஐ.நா.வின் கீழ் 2001இல் உருவான வாஷிங்டன் குழு பின்னாளில் வகுத்த கேள்விகளும் இந்தப் பாதையில்தான் வந்தன. அதன் சுருக்கப் பட்டியலில் பார்வை, செவி, நடை, நினைவும் கவனமும், தன்பராமரிப்பு, தொடர்பாடல் என ஆறே கேள்விகள். ஆட்டிசக் குழந்தைகள் பலர் அதில் நழுவுவதால், யுனிசெஃப் உடன் சேர்ந்து மாற்றத்தை ஏற்பது, நட்புக் கொள்வது போன்றவற்றையும் கேட்கும் குழந்தைகள் பட்டியல் தனியாக வந்தது. நமது 1951 தாளும் அதே இடத்தில் இடறும்: பேசத் தெரிந்த, பள்ளிக்குப் போகும், ஆனால் மனிதர்களோடு ஒட்ட முடியாத பிள்ளை எந்தக் கட்டத்திலும் விழாது. மாற்று வரலாற்றிலும் அவர்களுக்கு விடிவு தாமதமாகத்தான்.

எங்கே கெடும்

கட்டடம் முதல் பொறி. இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில் (1956–61) பணம் வந்தால் அது மாநிலத்துக்கு ஒரு பெரிய விடுதியாக நிற்கும். அடிக்கல் நாட்ட வசதி. ஆட்டிசக் குழந்தைக்கு அதைவிடக் கெடுதல் அதிகமில்லை: இரைச்சல், கூட்டம், மாறிக்கொண்டே இருக்கும் ஆட்கள். நிதி ஒதுக்கீட்டில் சம்பளத்தையும் கட்டடத்தையும் பிரித்து, சம்பளத்துக்கு முதல் உரிமை தராவிட்டால் 1963 அமெரிக்கச் சட்டத்தின் கதைதான். ஈக்வடாரில் சக்கர நாற்காலியில் இருந்த துணை அதிபர் லெனின் மொரேனோ வேறு வழியில் போனார்: 2009 முதல் வீடு வீடாகத் தேடல், கடும் குறைபாடு உள்ளவரைப் பராமரிக்கும் குடும்பத்தினருக்கு மாதம் 240 டாலர். தலைவர் கையிலெடுத்ததில் வீட்டுக்குள் போய்ச் சேர்ந்த முயற்சி என்று சொல்ல இதுதான் கிடைக்கிறது.

இரண்டாவது பொறி சான்றிதழ். உரிமை என்று வந்தால் யாருக்கு என்ற வரையறை வரும், வரையறை வந்தால் சதவீதம் வரும். இன்று நாம் பயன்படுத்தும் ஆட்டிச மதிப்பீட்டு அளவுகோலில் 6 பிரிவுகளில் 40 கூறுகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 மதிப்பெண். 70க்குக் கீழே ஆட்டிசம் இல்லை. 70–106 லேசானது, 107–153 நடுத்தரம், 153க்கு மேல் கடுமை. மருத்துவர் அறையில் அரை மணி நேரம் அமைதியாக உட்கார்ந்த பிள்ளைக்கு மதிப்பெண் குறையும். சலுகைக்குத் தேவையான 40 சதவீதம் கைநழுவும். சான்றிதழுக்காகப் பெற்றோர் பிள்ளையைத் தூக்கமின்றி அழைத்துப் போவதெல்லாம் இந்த அமைப்பின் தர்க்கத்தில் இருந்தே பிறப்பது. 1950களில் வைத்திருக்கக்கூடிய அளவுகோல் இதைவிட முரட்டுத்தனமாக, நுண்ணறிவு ஈவை (ஐ.க்யூ.) மட்டும் நம்பியதாக இருந்திருக்கும். பேசாத குழந்தைக்குப் பேச்சு சார்ந்த தேர்வு வைத்து 'மதி மிகக் குறைவு' என்று முத்திரை குத்துவார்கள். உதவித் தேவையை அடிப்படையாக வைத்தால் சேதம் குறையும், மறையாது.

தாயைக் குற்றம் சொல்லும் கோட்பாடு 1950களிலும் 60களிலும் மேற்கிலிருந்து வந்தே தீரும். கோப்பு கல்வி அமைச்சகத்தில் இருந்தால் அதன் வீச்சு குறைவு என்பது மட்டுமே ஆறுதல். அதை அமெரிக்க உளவியலாளர் ரிம்லண்ட் 1964இல் உடைத்தார். நமது கற்பனையிலும் அதற்கு முன்னால் உடைபடக் காரணம் எதுவும் தென்படவில்லை.

மீதமிருப்பது ஆசிரியர்கள். 'கேட்கும், பேசாத' பிள்ளைகளை 1955 வாக்கில் எங்கே அனுப்புவார்கள்? கையில் இருப்பவை காது கேளாதோர் பள்ளிகள்தான்: கல்கத்தாவில் 1893 முதல், பாளையங்கோட்டையிலும் 19ஆம் நூற்றாண்டின் இறுதி முதல். அங்கே கற்பித்தலின் முதுகெலும்பு உதட்டசைவைப் படிப்பது. ஆசிரியர் முகத்தை உற்றுப் பார்த்தால்தான் பாடம். முகம் பார்ப்பதையே தவிர்க்கும் பிள்ளைக்கு அந்த முறை முதல் நாளே தோற்கும். ஆனால் அதே பள்ளிகளில் பட அட்டைகள் உண்டு, மணி அடித்தாற்போல் மாறாத நேரப்பட்டியல் உண்டு, பொருளைக் காட்டிச் செய்கையால் சொல்லும் பழக்கம் உண்டு. ஆட்டிசக் குழந்தைகளுக்கு உதவுபவை இவைதான் என்பதை 1960களின் பிற்பகுதி முதல் அமெரிக்காவின் வட கரோலினாவில் உளவியலாளர் ஷாப்ளரின் குழு செய்துகாட்டியது. ஆக, பொருள் இருக்கிறது, வரிசைதான் மாற வேண்டும்: பயிற்சிப் பாடத்திட்டத்தில் உதட்டு வாசிப்பு மணிகளைக் குறைத்து, அன்றைய வேலைகளைப் படமாக வரிசைப்படுத்தும் பயிற்சியைக் கூட்டுவது, வகுப்புக்கு 5, 6 பிள்ளைகளுக்கு மேல் வைக்காதது, ஆண்டு நடுவில் ஆசிரியரை இடமாற்றம் செய்யாதது. கடைசி ஒன்றை எந்தக் கல்வித் துறையும் லேசில் ஒப்பாது. ஒப்பாவிட்டால் மூன்றாம் மாதம் தலைமையாசிரியர் 'கற்பிக்க இயலாத பிள்ளை' என்று எழுதி வீட்டுக்கு அனுப்புவார். உண்மை வரலாற்றில் கதை அதோடு முடிந்தது. இங்கே அது அரசுப் பள்ளியாக இருந்தால், அந்தக் கடிதத்தையும் 15(1)ஐயும் எடுத்துக்கொண்டு, பிரிவு 226இன் கீழ் உயர் நீதிமன்றத்துக்குப் போகப் பெற்றோருக்கு வழி இருக்கும்.